ஒரே எழுத்துவரிசை, இரண்டு மருந்துகள்: டிரைகிளிசரைடைக் குறைக்க வந்த ஒரு மூலக்கூறின் நிகழ்வு ஆய்வு

இந்த நோய் உள்ளவரிடம் எடுத்த இரத்தத்தைக் குழாயோடு ஓர் இரவு குளிர்பெட்டியில் அசையாமல் நிறுத்திவைத்தால், மறுநாள் காலையில் நோயைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். அணுக்கள் அடியில் படிந்திருக்கும். அதற்கு மேல் தெளிந்த மஞ்சள் நீர் நிற்க வேண்டிய இடத்தில், பாலில் ஏடு கட்டியது போல வெள்ளையாகத் தடித்த படலம் ஒன்று மிதக்கும். சாப்பாட்டிலிருந்து வந்த கொழுப்பு அது. சில மணி நேரத்தில் இரத்தத்தை விட்டுப் போயிருக்க வேண்டியது, போக வழியில்லாமல் நாள்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

குடும்பவழி கைலோமைக்ரான் நோய் என்று இதைச் சொல்லலாம். பத்து லட்சம் பேரில் ஒருவருக்கோ இருவருக்கோ வரும் பரம்பரை நோய். டிரைகிளிசரைடு என்ற இரத்தக் கொழுப்பு, வெறும் வயிற்றில் டெசிலிட்டருக்கு 150 மில்லிகிராமுக்குள் இருந்தால் சரி என்கிறோம். இவர்களுக்கு அது 880-க்கு மேல்தான் நிற்கும். 2,000, 3,000 என்று போவதும் சாதாரணம். எண் பெரிதாக இருப்பதை மட்டும் வைத்து யாரும் பயப்பட மாட்டார்கள். பயம் கணைய அழற்சியைப் பற்றியது. மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பாயும் வலி, மருத்துவமனைப் படுக்கை, சில சமயம் உயிருக்கே ஆபத்து. ஒருமுறை வந்தவருக்கு மறுபடியும் வரலாம் என்ற அச்சம் தினமும் கூடவே இருக்கும்.

இந்த நோய்க்காக ஒரே நிறுவனம் உருவாக்கிய இரண்டு சேர்மங்களை இங்கே எடுத்துக்கொள்கிறேன். வொலனெசோர்சென் என்பது முதலாவது; 2018-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அதற்கு அனுமதி மறுத்தது. ஒலெசார்சென் இரண்டாவது, 2024 டிசம்பரில் அதே நிர்வாகம் அனுமதித்தது. இரண்டும் பிடிப்பது ஒரே இலக்கை. இரண்டுமே டி.என்.ஏ. போன்ற செயற்கை இழைகள்; மரபணு மொழியில் எழுதிய அதே 20 எழுத்துகள், அதே வரிசை. ஒன்று தோற்றதும் மற்றொன்று ஜெயித்ததும் எதனால் என்று பார்ப்பது, டிரைகிளிசரைடு மருந்து செய்ய நினைக்கும் யாருக்கும் நல்ல பாடம் என்று நினைக்கிறேன்.

நோயின் கணக்கு

குடலில் உறிஞ்சப்பட்ட கொழுப்பு கைலோமைக்ரான் என்ற பெரிய துகள்களில் ஏறி இரத்தத்துக்கு வருகிறது. கல்லீரல் தானே செய்யும் கொழுப்பு வி.எல்.டி.எல். என்ற துகள்களில் வருகிறது. இரண்டையும் இறக்கும் இடம் ஒன்றுதான்: தசையிலும் கொழுப்புத் திசுவிலும் உள்ள நுண்குழாய்ச் சுவர். அங்கே லிப்போபுரோட்டீன் லைப்பேஸ் என்ற நொதி நின்றுகொண்டு, டிரைகிளிசரைடை உடைத்துக் கொழுப்பு அமிலங்களைப் பிரித்து உள்ளே அனுப்புகிறது. இந்த நொதியின் மரபணு இரண்டு பிரதியிலும் கெட்டிருந்தால் சரக்கு இறங்காது. நொதியைச் சுவரில் பிடித்து வைக்கும் புரதம், நொதியை முடுக்கிவிடும் அப்போ சி-2 என்ற புரதம் போன்ற துணையாட்கள் கெட்டாலும் அதே கதிதான்.

பழைய மருந்துகள் இங்கே ஏன் கைகொடுப்பதில்லை என்பது இதிலிருந்தே புரியும். ஃபைபிரேட் வகை மாத்திரைகள் செய்யும் வேலையில் பெரும்பங்கு இந்த நொதியை அதிகம் சுரக்கவைப்பது. சுரக்கும் நொதியே பழுதாக இருக்கும்போது அதை அதிகமாகச் சுரந்து என்ன பயன்? மீன் எண்ணெய்ச் சேர்மங்கள் கல்லீரலிலிருந்து வரும் சரக்கைக் கொஞ்சம் குறைக்கும். குடல் வழியாக வருவதைத் தொடாது. மிஞ்சுவது உணவுக் கட்டுப்பாடு. ஒரு நாள் முழுக்க எல்லாச் சாப்பாட்டையும் சேர்த்து 15 முதல் 20 கிராம் கொழுப்பு. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயிலேயே ஏறக்குறைய 14 கிராம் வந்துவிடும். அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் வாழ்ந்து பார்க்கச் சொல்லுங்கள், இவர்கள் படும் பாடு தெரியும். அப்படி வாழ்ந்தும் பலருக்குக் கணைய அழற்சி வருகிறது.

பழுதான மரபணுவையே மாற்றிவைக்கும் முயற்சியும் நடந்தது. கிளிபேரா என்ற மரபணு சிகிச்சைக்கு 2012-இல் ஐரோப்பாவில் அனுமதி கிடைத்தது. மேற்குலகில் அனுமதி பெற்ற முதல் மரபணு சிகிச்சை அதுதான். விலை சுமார் 10 லட்சம் யூரோ. வாங்க ஆளில்லாமல் 2017-இல் சந்தையை விட்டே போய்விட்டது. அறிவியலாகப் பெரிய சாதனை, நோயாளிகளுக்குப் போய்ச் சேரவில்லை. அதை இங்கே விட்டுவிட்டு மேலே போகிறேன்.

மனிதர்களே காட்டிக்கொடுத்த இலக்கு

அப்போ சி-3 என்பது 79 அமினோ அமிலங்கள் கொண்ட சின்னப் புரதம். பெரும்பாலும் கல்லீரல் செய்கிறது. டிரைகிளிசரைடு ஏறிய துகள்களின் மேல் ஒட்டிக்கொண்டு, லைப்பேஸ் நொதியைத் தடுக்கிறது. துகள்களைக் கல்லீரல் எடுத்துக்கொள்வதையும் தடுக்கிறது. மனித அப்போ சி-3 மரபணுவை எலிகளுக்குச் சேர்த்தபோது அவற்றின் டிரைகிளிசரைடு எகிறியதை 1990-இலேயே காட்டிவிட்டார்கள்.

எலியில் நிரூபிக்கப்பட்டு மனிதரிடம் தோற்ற இலக்குகள் ஏராளம். அப்போ சி-3 அந்தப் பட்டியலில் சேராமல் இருந்ததற்குக் காரணம், இயற்கையே மனிதர்களிடம் அந்தச் சோதனையைச் செய்து வைத்திருந்தது. அமெரிக்காவின் லங்காஸ்டர் பகுதியில் வாழும் ஆமிஷ் என்ற கிறிஸ்தவக் குழு மக்களில் சுமார் 5 சதவீதம் பேருக்கு இந்த மரபணுவின் ஒரு பிரதி வேலை செய்வதில்லை என்று 2008-இல் தெரியவந்தது. அவர்களிடம் அப்போ சி-3 பாதிதான். கொழுப்பு மிகுந்த பானம் குடிக்கவைத்துச் சோதித்தபோது மற்றவர்களுக்கு ஏறிய அளவுக்கு அவர்களுக்கு டிரைகிளிசரைடு ஏறவில்லை. இதயத் தமனிகளில் சுண்ணாம்புப் படிவும் குறைவு. 2014-இல் இரண்டு பெரிய மரபணு ஆய்வுகள் ஒரே சமயத்தில் வெளிவந்தன. இந்த மரபணுவில் ஒரு பிரதி முடங்கியவர்களுக்கு டிரைகிளிசரைடு சுமார் 40 சதவீதம் குறைவு, இதய நோய் ஆபத்தும் ஏறக்குறைய அதே அளவு குறைவு என்று இரண்டும் சொல்லின.

எனக்கு இவற்றில் மிகவும் பிடித்தது 2017-இல் பாகிஸ்தானிலிருந்து வந்த ஆய்வு. கடலோர மீனவ கிராமம் ஒன்றில் ஒரு குடும்பம். கணவன், மனைவி இருவருக்கும் இந்த மரபணுவின் இரண்டு பிரதியும் வேலை செய்யவில்லை. ஆகவே அவர்களுடைய ஒன்பது பிள்ளைகளுக்கும் அப்படியே. அப்போ சி-3 அறவே இல்லாமல் பிறந்து வளர்ந்து, ஆரோக்கியமாக நடமாடும் மனிதர்கள். அவர்களுக்குக் கொழுப்பு கொடுத்துச் சோதித்தார்கள். சாப்பிட்ட பிறகு டிரைகிளிசரைடு ஏறவே இல்லை. இந்தப் புரதத்தை முழுக்க எடுத்துவிட்டால் உடம்புக்கு ஏதாவது ஆகுமா என்ற கேள்விக்கு, எந்த ஆய்வகமும் தர முடியாத பதிலை அந்தக் குடும்பம் தந்தது. அதற்குள் மருந்து ஆய்வுகள் வெகுதூரம் போயிருந்தன என்றாலும், இலக்கு சரியானதுதான் என்று ஊன்றி நிற்க இது உதவியது.

20 எழுத்துகள்

சரி, இலக்கு கிடைத்துவிட்டது. அதை எப்படிப் பிடிப்பது? அப்போ சி-3 இரத்தத்தில் ஏராளமாகச் சுற்றும் புரதம். மாத்திரையாகக் கொடுக்கும் சிறு மூலக்கூறுகளுக்குப் பிடித்துக்கொள்ள அதில் வசதியான பள்ளம் எதுவும் இல்லை. ஐசிஸ் என்ற பெயரில் இருந்து பின்னால் அயோனிஸ் என்று பெயர் மாறிய நிறுவனம், புரதத்தை விட்டுவிட்டு, அதைச் செய்வதற்கான குறிப்பை மரபணுவிலிருந்து எடுத்துவரும் தூது ஆர்.என்.ஏ.-வைக் குறிவைத்தது. தூது ஆர்.என்.ஏ.-வின் ஒரு பகுதிக்கு ஜோடியாகப் பொருந்தும்படி 20 எழுத்து நீளமுள்ள செயற்கை இழை ஒன்றைச் செய்தார்கள். இதை எதிரிழை மருந்து என்பார்கள்.

இந்த இழையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும், ஏனென்றால் கதையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. இரண்டு முனைகளிலும் ஐந்தைந்து எழுத்துகள் வேதியியல் முறையில் மாற்றப்பட்டவை. இழை சட்டென்று சிதையாமல் காப்பதும், இலக்கை இறுகப் பிடிப்பதும் அவற்றின் வேலை. நடுவில் உள்ள 10 எழுத்துகள் டி.என்.ஏ. வகை. இழை தூது ஆர்.என்.ஏ.-வோடு பொருந்தியதும், செல்லுக்குள் இருக்கும் ஆர்.என்.ஏ.ஸ் எச்-1 என்ற நொதி அந்த நடுப்பகுதியை அடையாளம் கண்டு, ஆர்.என்.ஏ.-வை வெட்டிவிடும். ஆர்.என்.ஏ. போனால் புரதம் இல்லை. மருந்து இழை மட்டும் முழுசாகத் தப்பித்து அடுத்த ஆர்.என்.ஏ.-வைத் தேடிப் போகும்.

எழுத்துகளை ஒன்றோடொன்று கோக்கும் முதுகெலும்பில் இன்னொரு மாற்றம். இயற்கையில் ஆக்சிஜன் இருக்கும் ஓர் இடத்தில் கந்தக அணுவை வைத்தார்கள். இதனால் இழை இரத்தப் புரதங்களோடு ஒட்டிக்கொள்ளும். சிறுநீரகம் உடனே வடிகட்டி வெளியே தள்ளிவிடாது. கந்தகம் இல்லாமல் அந்தக் காலத்தில் இப்படியொரு மருந்தே சாத்தியமில்லை. ஆனால் எல்லாப் புரதங்களோடும் ஒட்டும் குணம் ஒரு வரமாக மட்டும் இருந்துவிடாது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

மூன்று பேர்

மருந்துக்கு வைத்திருந்த அறிவியல் விளக்கம் அப்போது இதுதான்: அப்போ சி-3, லைப்பேஸ் நொதியின் மேல் போட்ட பிரேக். பிரேக்கை எடுத்தால் நொதி வேகமாக ஓடும். சாதாரணமாக டிரைகிளிசரைடு அதிகமுள்ளவர்களிடம் இது வேலை செய்யும் என்று எதிர்பார்க்கலாம், செய்யவும் செய்தது. 2015-இல் வெளிவந்த இரண்டாம் கட்ட ஆய்வில் 300 மில்லிகிராம் ஊசி டிரைகிளிசரைடைச் சுமார் 71 சதவீதம் குறைத்தது.

கைலோமைக்ரான் நோயாளிகளிடம் ஓடுவதற்கு இஞ்சினே இல்லை. பிரேக்கை எடுத்து என்ன ஆகப்போகிறது? ஏட்டுப்படி எதுவும் ஆகக்கூடாது.

ஆனாலும் மூன்று நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். மூவருக்கும் தொடக்கத்தில் டிரைகிளிசரைடு 1,406-க்கும் 2,083-க்கும் இடையில். 13 வாரம் கழித்துப் பார்த்தபோது 56 முதல் 86 சதவீதம் வரை குறைந்திருந்தது; மூவருமே 500-க்குக் கீழே வந்திருந்தார்கள். 2014 இறுதியில் இந்த முடிவு அச்சில் வந்தது. நொதி இல்லாமலேயே இரத்தத்தைவிட்டுக் கொழுப்பு வெளியேற இன்னொரு வழி இருக்கிறது, அதையும் அப்போ சி-3 அடைத்துக்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் மனிதர்களிடம் தெளிவானது. அந்த வழி கல்லீரல் வழி என்பதைப் பின்னால் வந்த எலி ஆய்வுகள் காட்டின. துகள்களைக் கல்லீரல் செல்கள் நேரடியாகப் பிடித்து உள்ளே இழுக்கின்றன.

வெறும் மூன்று பேர். புள்ளியியல்காரர் ஒருவர் இதைத் தூக்கி எறிந்துவிடலாம். ஆனால் நடக்கவே நடக்காது என்று எல்லாரும் நம்பும் ஒன்று மூன்றுக்கு மூன்று நடந்தால், நம்பிக்கையைத்தான் திருத்த வேண்டும். ஏட்டுக் கணக்கை மட்டும் நம்பி இந்த நோயாளிகளை ஆய்விலிருந்து ஒதுக்கியிருந்தால் மருந்தே வந்திருக்காது. இன்னொரு பக்கம், இதே லைப்பேஸ் நொதியின் வேறொரு பிரேக்கான ஏ.என்.ஜி.பி.டி.எல்.-3 என்ற புரதத்தைத் தடுக்கும் எவினாகுமாப், நொதி அறவே இல்லாதவர்களிடம் பலன் தரவில்லை. எல்லாப் பிரேக்கும் ஒரே மாதிரி அல்ல; சோதித்துப் பார்க்காமல் தெரியாது.

தட்டணுக்கள்

வொலனெசோர்சென்னின் மூன்றாம் கட்ட ஆய்வுக்கு அப்ரோச் என்று பெயர். 66 நோயாளிகள். பாதிப் பேருக்கு வாரம் ஒருமுறை 300 மில்லிகிராம் ஊசி, மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெற்று ஊசி, 52 வாரம். மூன்று மாதத்தில் மருந்துக் குழுவில் டிரைகிளிசரைடு சராசரியாக 77 சதவீதம் சரிந்தது. வெற்று ஊசிக் குழுவில் 18 சதவீதம் ஏறியது. எண்ணாகச் சொன்னால் சராசரி வீழ்ச்சி டெசிலிட்டருக்கு 1,712 மில்லிகிராம். இந்த நோயில் இதற்குமுன் எந்த மருந்தும் இதன் பக்கத்தில்கூட வந்ததில்லை.

அதே ஆய்வில் வேறு ஒன்றும் விழுந்தது: இரத்தம் உறையவைக்கும் தட்டணுக்கள். சாதாரணமாக ஒரு மைக்ரோலிட்டரில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும். மருந்து எடுத்த 33 பேரில் 15 பேருக்கு ஒரு லட்சத்துக்குக் கீழே போனது. இரண்டு பேருக்கு 25,000-க்கும் கீழே. அந்த அளவில் எங்கும் அடிபடாமலேயே இரத்தக் கசிவு வரலாம். மூளையில் வந்தால் உயிர்போகும். அந்த இருவரும் மருந்தை நிறுத்திய பிறகு தேறினார்கள். தட்டணுக்களை அடிக்கடி எண்ணும் முறை வந்தபிறகு யாருக்கும் 50,000-க்குக் கீழே போகவில்லை.

இதோடு 33 பேரில் 20 பேருக்கு ஊசி போட்ட இடத்தில் எரிச்சல், சிவப்பு, வீக்கம். வாரம் ஒருமுறை ஊசி என்றால் ஒரு புண் ஆறுவதற்குள் அடுத்தது.

2018 மே மாதம் அமெரிக்க ஆலோசனைக் குழு வாக்களித்தது: 12 பேர் ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. ஆகஸ்டில் நிர்வாகம் அனுமதி மறுத்தது. ஐரோப்பா வேறு முடிவெடுத்தது. 2019 மே மாதம் நிபந்தனைகளோடு அனுமதி கொடுத்தார்கள்: மூன்று மாதம் வாரம் ஒரு ஊசி, அப்புறம் இரண்டு வாரத்துக்கு ஒன்று; தட்டணுக்களைக் குறைந்தது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எண்ண வேண்டும். ஒரே தரவுகளை வைத்துக்கொண்டு இரண்டு ஒழுங்குமுறை அமைப்புகள் இரண்டு திசையில் போனதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. வேறு மருந்தே இல்லாத நோயில், எண்ணிப் பார்த்துத் தவிர்க்கக்கூடிய ஆபத்தை ஏற்கலாம் என்பது நியாயமான வாதம். அந்த எண்ணிக்கை ஒருமுறை தவறினால் ஓர் உயிர் போகலாம் என்பதும் நியாயமான வாதம்தான். நான் அந்தக் குழுவில் இருந்திருந்தால் ஐரோப்பாவின் பக்கம் நின்றிருப்பேன். ஆனால் மறுத்தவர்களைக் கோழைகள் என்று சொல்ல மாட்டேன்.

மருந்து செய்பவர்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு. தட்டணுக்கள் விழுந்தது அப்போ சி-3 குறைந்ததாலா, அல்லது இந்த இழையின் வேதியியலாலா? இலக்கில் கோளாறு என்றால் கடையை மூடிவிட வேண்டியதுதான். இழையில் கோளாறு என்றால் இழையை மாற்றலாம்.

சாட்சிகள் இரண்டு இருந்தன. ஒன்று, பிறவியிலேயே அப்போ சி-3 குறைந்தவர்கள். தட்டணுப் பிரச்சினை என்று அவர்கள் யாரும் அறியப்படவில்லை. மற்றொன்று இன்னும் வலுவானது. அதே நிறுவனம், அதே வேதியியலில், முற்றிலும் வேறொரு நோய்க்கு இனோடெர்சென் என்ற மருந்தைச் செய்திருந்தது. அதன் இலக்கு டிரான்ஸ்தைரெட்டின் என்ற புரதம். டிரைகிளிசரைடோடு எந்த உறவும் இல்லை. அதன் மூன்றாம் கட்ட ஆய்விலும் மூவருக்குத் தட்டணுக்கள் கடுமையாக விழுந்தன. ஒருவர் மூளையில் இரத்தம் கசிந்து இறந்தார். இரண்டு இலக்குகள், இரண்டு நோய்கள், ஒரே பக்கவிளைவு. பொதுவாக இருந்தது முனைகளில் செய்த மாற்றமும், கந்தக முதுகெலும்பும், வாராவாரம் சுமார் 300 மில்லிகிராம் என்ற பெரிய அளவும்தான்.

முகவரி எழுதிய இழை

அந்த 300 மில்லிகிராமில் கல்லீரல் செல்லுக்குள் போய் வேலை செய்வது எவ்வளவு? கொஞ்சம்தான். மீதி உடம்பெல்லாம் பரவி, இரத்தப் புரதங்களோடும் மற்றச் செல்களோடும் ஒட்டிக்கொண்டு கிடக்கும். அப்போ சி-3 செய்யப்படும் இடம் கல்லீரல் என்றால், மருந்தை அங்கே மட்டும் அனுப்பினால் போதுமே!

அதற்கான வழி, இந்த நோயைப் பற்றி யாரும் நினைக்காத காலத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. 1960-களில் கில்பர்ட் ஆஷ்வெல், அனடோல் மொரெல் இருவரும் செருலோபிளாஸ்மின் என்ற செப்புப் புரதத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். அந்தப் புரதத்தின் சர்க்கரைச் சங்கிலி முனையில் இருக்கும் சியாலிக் அமிலத்தை நீக்கிவிட்டு முயல்களுக்குச் செலுத்தினார்கள். நெடுநேரம் சுற்ற வேண்டிய புரதம் சில நிமிடங்களில் இரத்தத்திலிருந்து காணாமல் போனது. தேடிப் பார்த்தால் கல்லீரலில் இருந்தது. சியாலிக் அமிலம் போனதும் வெளியே தெரிந்த கேலக்டோஸ் சர்க்கரையைப் பிடித்து இழுக்கும் ஏற்பி ஒன்று கல்லீரல் செல்களில் இருக்கிறது என்பது அப்படித்தான் வெளிச்சத்துக்கு வந்தது. ஒவ்வொரு கல்லீரல் செல்லிலும் அது லட்சக்கணக்கில் இருக்கிறது. சரக்கைப் பிடித்து உள்ளே கொண்டுபோய் இறக்கிவிட்டு, காலியாகத் திரும்பி மேலே வந்துவிடும்.

கேலக்டோஸின் உறவுச் சர்க்கரையான கேல்நாக் இந்த ஏற்பியை இன்னும் நன்றாகப் பிடிக்கும். மூன்று கேல்நாக்கை ஒரு கொத்தாக இழையின் முனையில் கட்டினார்கள். முதுகெலும்பில் சில இடங்களில் கந்தகத்தை எடுத்துவிட்டு இயல்பான இணைப்பையே வைத்தார்கள். 20 எழுத்துகளைத் தொடவில்லை. ஒலெசார்சென் இதுதான்.

அளவைப் பாருங்கள். வொலனெசோர்சென் நான்கு வாரத்துக்கு நான்கு ஊசி, மொத்தம் 1,200 மில்லிகிராம். ஒலெசார்சென் நான்கு வாரத்துக்கு ஒரே ஊசி, 80 மில்லிகிராம். பதினைந்தில் ஒரு பங்கு. உடம்பின் மற்றப் பகுதிகள் பார்க்கும் மருந்து அந்த அளவுக்குக் குறைந்துவிட்டது.

பேலன்ஸ் என்ற மூன்றாம் கட்ட ஆய்வின் முடிவு 2024 ஏப்ரலில் வெளியானது. தற்செயலாக இதிலும் 66 பேர்தான். தட்டணுக்கள் முந்தைய மருந்தில் விழுந்தது போல விழவில்லை. இனோடெர்சென்னுக்கும் இதே சர்க்கரைக் கொத்தைக் கட்டி எப்ளோன்டெர்சென் என்று செய்தார்கள். அங்கேயும் அந்தப் பிரச்சினை போய்விட்டது, 2023 டிசம்பரில் அனுமதியும் கிடைத்தது. இரண்டு இலக்குகளிலும் ஒரே மாற்றம் ஒரே பலனைத் தந்தபிறகு, கோளாறு எங்கே இருந்தது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

எண்ணும் வலியும்

இங்கே ஒரு சிக்கலை மறைக்காமல் சொல்ல வேண்டும். எண்ணை மட்டும் பார்த்தால் ஒலெசார்சென் பழைய மருந்தைவிட பலவீனமாகத் தெரியும். ஆறாவது மாதத்தில் 80 மில்லிகிராம் குழுவில் டிரைகிளிசரைடு, வெற்று ஊசிக் குழுவோடு ஒப்பிட்டால் 43.5 சதவீதப் புள்ளி குறைந்தது. 50 மில்லிகிராம் குழுவில் 22.4 புள்ளி, புள்ளியியல்படி அது உறுதியான வித்தியாசமே இல்லை. அப்ரோச்சில் இரு குழுக்களுக்கும் இருந்த இடைவெளி 90 புள்ளிக்கும் மேல். இரண்டு ஆய்வுகளையும் நேருக்கு நேர் வைத்து ஒப்பிடுவது சரியில்லை. பேலன்ஸில் இருந்த எல்லாருக்கும் மரபணுச் சோதனையில் நோய் உறுதியாகியிருந்தது, அப்ரோச்சில் அப்படி இல்லை. ஆனாலும் வித்தியாசம் சின்னதில்லை.

ஆனால் கணைய அழற்சியை எண்ணிப் பாருங்கள். 53 வாரத்துக்குள் வெற்று ஊசி பெற்ற 23 பேரிடம் 11 முறை வந்தது. 80 மில்லிகிராம் பெற்ற 22 பேரிடம் ஒருமுறை. எண்ணில் தோற்றுப்போன 50 மில்லிகிராம் குழுவின் 21 பேரிடமும் ஒரே ஒருமுறை.

எண்ணிக்கை சிறியது, இதுவே ஆய்வின் முதன்மை நோக்கமாகவும் இருக்கவில்லை. ஆகவே கவனமாகத்தான் படிக்க வேண்டும். இந்த நோயில் டிரைகிளிசரைடு நாளுக்கு நாள் தாறுமாறாக ஆடும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். குறித்த ஒரு காலையில் எடுத்த இரத்தம், அந்த மாதம் முழுக்க கணையம் என்ன பாடுபட்டது என்பதைச் சொல்லாது. நோயாளி மருத்துவரிடம் வந்தது 2,600 என்ற எண்ணைக் குறைத்துத் தரச் சொல்லி அல்ல, வலி வராமல் பார்த்துக்கொள்ளச் சொல்லித்தான். ஆய்வை வடிவமைப்பவர்கள் வசதிக்காக எண்ணை முதன்மையாக வைக்கிறார்கள்; பத்து லட்சத்தில் ஒருவருக்கு வரும் நோயில் வேறு வழியும் குறைவு. ஆனால் சேர்மத்தைத் தேர்ந்தெடுக்கும் வேதியியலாளரின் மேசையில் அழற்சிக் கணக்கும் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

எண் இறங்கியும் நோயாளிக்குப் பலன் இல்லாமல் போனதற்குப் பெரிய உதாரணம் பெமாஃபைபிரேட் என்ற ஃபைபிரேட் வகை மாத்திரை. 2022-இல் முடிவு வெளியான ப்ராமினென்ட் ஆய்வில் 10,497 நீரிழிவு நோயாளிகள். டிரைகிளிசரைடு 26 சதவீதம் இறங்கியது. மாரடைப்பு, பக்கவாதம் எதுவும் குறையவில்லை. துகள்களில் உள்ள கொழுப்பைக் காலி செய்ததே தவிர, தமனிச் சுவருக்குள் போகும் துகள்களின் எண்ணிக்கை குறையவில்லை. அதைக் காட்டும் அப்போ பி அளவு சற்றே ஏறவும் செய்தது. ஆகவே டிரைகிளிசரைடைக் குறைக்கும் சேர்மம் என்று சொல்லும்போதே, எந்த வழியில் குறைக்கிறது, துகளை உடம்பைவிட்டு வெளியேற்றுகிறதா அல்லது வேறு துகளாக மாற்றிவிடுகிறதா என்று கேட்க வேண்டியிருக்கிறது.

முகவரி சரியாக எழுதினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. அதே நிறுவனம் அதே கேல்நாக் முறையில் ஏ.என்.ஜி.பி.டி.எல்.-3 புரதத்துக்கு எதிராக வுபனோர்சென் என்ற இழையைச் செய்தது. டிரைகிளிசரைடு நன்றாகவே குறைந்தது. ஆனால் அதிக அளவில் கல்லீரலிலேயே கொழுப்பு சேர்ந்தது, கல்லீரல் நொதிகள் ஏறின. 2022 தொடக்கத்தில் அந்தத் திட்டத்தை நிறுத்திவிட்டார்கள். கல்லீரலுக்குள் நேராக அனுப்பும் மருந்து, கல்லீரலுக்குச் செய்யும் நல்லதையும் கெட்டதையும் சேர்த்தேதான் அனுப்புகிறது.

இப்போது நிற்கும் இடம்

2024 டிசம்பர் 19 அன்று ஒலெசார்சென்னுக்கு டிரின்கோல்சா என்ற பெயரில் அமெரிக்க அனுமதி வந்தது. இந்த நோய்க்கு அந்த நாட்டில் அனுமதி பெற்ற முதல் மருந்து. நோயாளியே வீட்டில் மாதம் ஒருமுறை போட்டுக்கொள்ளலாம்.

போட்டியும் வந்துவிட்டது. ஏரோஹெட் நிறுவனத்தின் பிளோசாசிரான் இரட்டை இழையாக, வேறொரு நொதி வழியாக அதே ஆர்.என்.ஏ.-வை வெட்டுகிறது. அதன் முனையிலும் கேல்நாக்தான். 75 பேரைக் கொண்ட பாலிசேட் ஆய்வில் பத்தாவது மாதத்தில் 25 மில்லிகிராம் அளவு டிரைகிளிசரைடை 80 சதவீதம் குறைத்தது. வெற்று ஊசியில் 17 சதவீதம். ஊசி மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும். 2025 நவம்பரில் இதற்கும் அமெரிக்க அனுமதி கிடைத்தது. வருடத்துக்கு நான்கு ஊசி என்பது, 52 ஊசியில் தொடங்கிய கதைக்குச் சின்ன முன்னேற்றம் இல்லை.

மருந்து அட்டையில் இரண்டுமே ஒன்றைச் சொல்கின்றன: உணவுக் கட்டுப்பாட்டோடு சேர்த்து. பேலன்ஸ் ஆய்வில் தொடக்கச் சராசரி 2,600-ஐ ஒட்டி இருந்தது. அதில் பாதி போனால்கூட 1,300 மிஞ்சும். அடுத்த நாள் காலையில் குழாயில் ஏடு இன்னும் மிதக்கும், மெல்லியதாக. 20 கிராம் கணக்கை நோயாளி இப்போதும் எழுதி வைக்கிறார்.